“நான் ஒண்ணும் சொல்லலையே!”

ஒரு கல்யாணப் பேச்சை முறிக்கப் பொய் சொல்ல வேண்டியதில்லை. “நல்லா விசாரிச்சுட்டீங்களா?” என்று கேட்டால் போதும்.

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் ஊருக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். திண்ணையில் இருக்கும் பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருக்கிறார். பிறகு, “நல்ல குடும்பந்தான். அப்பா தங்கமான மனுசன். பொண்ணு மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குது. நாம என்னத்தச் சொல்றது, நீங்களே நாலு இடத்துல விசாரிச்சுப் பாத்துக்குங்க” என்கிறார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்பா தங்கமானவர்தான். பெண் சென்னையில் விடுதியில் தங்கித்தான் வேலை பார்க்கிறாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடிக்கிறார்கள். நாலு நாள் கழித்துத் தரகர் வந்து, ஜாதகம் சரியாக அமையவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். விஷயம் தெரிந்து பெண்ணின் அப்பா அந்தப் பெரியவரிடம் போய்க் கேட்டால், “நான் ஒண்ணும் சொல்லலையே, நல்ல குடும்பம்னுதானே சொன்னேன்” என்பார். அதையும் மறுக்க முடியாது.

பொடி வைத்துப் பேசுவது, சாடைமாடையாகப் பேசுவது, உள்குத்து என்று நாம் சொல்லும் இந்தப் பேச்சைச் சிலருடைய வாய்க்கொழுப்பு என்று தள்ளிவிடுகிறோம். அது பெரிய தவறு. வசவுக்கு எதிர்வசவு உண்டு. பொய்க்கு மறுப்பு உண்டு. சாடைக்கு எதிராக வாய் திறந்தவர்தான் மாட்டிக்கொள்கிறார். “உன்னையா சொன்னேன்? உனக்கு ஏன் உறைக்குது?” என்ற ஒற்றைக் கேள்வியில் பாதிக்கப்பட்டவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறார். பழி சொன்னவர் கைகழுவிக்கொண்டு வெளியே நிற்கிறார். மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லால் செய்யும் கொடுமைகளில் இதைவிடக் கோழைத்தனமானது இல்லை என்று நான் நினைக்கிறேன். அந்தக் கோழைத்தனத்துக்குத் துணை நிற்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நாம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சொல்லாத ஒன்று எப்படிச் சொன்னதுபோல நம் காதில் விழுகிறது? இதற்கு ஒழுங்கான விளக்கம் தந்தவர் பிரிட்டிஷ் தத்துவவாதி பால் கிரைஸ். 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைகளில் ஒரு பகுதி 1975-இல் கட்டுரையாக வெளிவந்தது. பேசும் இருவர் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் உரையாடல் நடக்கிறது என்றார் அவர். கேட்டதற்குப் பொருத்தமாக, தேவையான அளவுக்கு, உண்மை என்று தான் நம்புவதைத் தெளிவாக எதிராளி சொல்வார் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படிச் சொல்லவில்லை என்றால் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று மனம் உடனே தேடத் தொடங்குகிறது. அவர் தந்த உதாரணம் கல்லூரி ஆசிரியர்களுக்கு நன்றாகப் புரியும். தத்துவத் துறையில் வேலைக்கு விண்ணப்பித்த மாணவர் ஒருவருக்கு ஆசிரியர் சான்றுக் கடிதம் எழுதுகிறார். மாணவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்புக்கு ஒழுங்காக வந்தார், அவ்வளவுதான் கடிதம். தத்துவத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கடிதத்தைப் படிப்பவருக்கு வேறு எதுவும் தேவையில்லை.

திண்ணைப் பெரியவர் செய்ததும் அதுவே. பெண்ணின் குணத்தைக் கேட்டவர்களுக்கு அவர் விடுதியைச் சொன்னார். குணத்துக்கும் விடுதிக்கும் ஒரு தொடர்பை உண்டாக்கும் வேலையைக் கேட்டவர்கள் தலையில் கட்டினார். அவர்கள் அதைச் சில நொடிகளில் செய்து முடித்தார்கள்.

சொல்லாமல் சொல்வதே தீது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் நாகரிகம் இல்லை, காதல் இல்லை, கவிதையும் இல்லை. குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வைத்தார், ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். உள்ளுறை, இறைச்சி என்று குறிப்புப் பொருளுக்கு இலக்கணமே எழுதிய மொழி நம்முடையது. பசித்து வந்த விருந்தாளியிடம் “இலை போட்டாச்சு, கை கழுவிட்டு வாங்க” என்று சொல்லும் வீட்டம்மாள், அவர் வாய்விட்டுக் கேட்காத ஒன்றைக் கேட்டு, அவருடைய மானத்தையும் காக்கிறார். இதே திறமைதான் மறுபக்கம் திரும்பும்போது ஒருவருடைய மானத்தை வாங்குகிறது.

அந்த மறுபக்கத்தையும் நம் முன்னோர் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். நற்றிணையில் உலோச்சனார் பாடிய 149-ஆம் பாட்டில் தெருப் பெண்கள் கூடி நிற்கிறார்கள். கடைக்கண்ணால் பார்க்கிறார்கள். மூக்கின்மேல் சுட்டுவிரலை வைக்கிறார்கள். தலைவியின் காதலைப் பற்றி அந்தத் தெரு செய்யும் வேலை அதுதான். அதை நம்பித் தாய் கோலெடுத்து மகளை அடிக்கிறாள். மகள் ஊரைவிட்டே போய்விடுவது நல்லது என்ற இடத்துக்குக் கதை வந்து நிற்கிறது. இறையனார் களவியலுக்கு உரை எழுதியவர் இந்தப் பேச்சை இரண்டு படிகளாகப் பிரித்துக் காட்டினார். இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே இன்னது என்று வெளிப்படையாகத் தூற்றுவது அலர். அதற்கு முந்தைய படி அம்பல்: வாய் முழுதாகத் திறக்காமல், எதைப் பற்றியது என்று பிடிகொடுக்காமல், அரும்பு நிலையில் நிற்கும் பேச்சு. அலரை எதிர்த்து நிற்கலாம், ஏனென்றால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. அம்பலில் எதிர்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பெண் தெருவுக்குப் போய், “ஏன் மூக்கில் விரல் வைத்தாய்?” என்று கேட்டால் என்ன பதில் வந்திருக்கும் என்று நமக்குத் தெரியும்.

சாடை எந்தக் காதிலும் வேலை செய்துவிடாது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. கேட்பவர் மனதில் ஏற்கெனவே ஒரு நம்பிக்கை கிடக்க வேண்டும். விடுதியில் தங்கும் பெண் ஒழுக்கம் கெட்டவளாக இருப்பாள் என்ற நினைப்பு இல்லாத ஊரில் அந்தப் பெரியவரின் பேச்சு வெறும் தகவல். பையனைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம், “பையன் பெங்களூர்ல ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குறான்” என்று அதே குரலில், அதே இடைவெளி விட்டுச் சொல்லிப் பாருங்கள். “அப்படியா, சம்பளம் எவ்வளவு?” என்று கேட்பார்கள்.

அலுவலகங்களில் இது தினமும் நடக்கிறது. ஒரு பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடைத்ததும் தேநீர்க் கடையில், “பெரியவருக்கு அவங்க மேல தனி மரியாதை” என்று ஒருவர் சொல்கிறார். நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அந்த வாக்கியம் செத்த வாக்கியம். பெண் தன் திறமையால் மேலே வர முடியாது என்று அந்த நாலு பேரும் உள்ளூர நம்புவதால்தான் அது உயிர் பெறுகிறது. ஆணுக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது இதே சொற்களைச் சொன்னால், அவர் வேலையில் கெட்டிக்காரர் என்றுதான் பொருள்படும். இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து அறிக்கையை முடித்த ஆண் உழைப்பாளி. பெண் உட்கார்ந்தால், “வீட்டுக்குப் போக மனசு வராது போல” என்ற பேச்சு வரும்.

சாதியில் இது இன்னும் நுட்பமாக இறங்குகிறது. “சொந்த ஊர் எது? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” என்று வாடகைக்கு வீடு தருபவர் கேட்கிறார். ஊரின் பெயர் அவருக்குப் போதவில்லை, தெரு தெரிய வேண்டும். “நாங்க சுத்த சைவம், அதான் கேட்டேன்” என்று அடுத்த வரி வருகிறது. உயர்கல்வி நிறுவனங்களில் “உன் ரேங்க் என்ன?” என்ற கேள்வி இதே வேலையைச் செய்கிறது. காதுக்கு அது ஒரு எண்ணைக் கேட்கும் கேள்வி. கேட்கப்படும் மாணவருக்கோ, நீ இட ஒதுக்கீட்டில் வந்தவன், இங்கே இருக்கத் தகுதியற்றவன் என்ற தீர்ப்பு. மும்பை ஐஐடி 2023-இல், சக மாணவரின் நுழைவுத் தேர்வு ரேங்க்கைக் கேட்பது முறையல்ல என்று வழிகாட்டுதல் வெளியிட்டதற்குக் காரணம் இதுதான். சாதிப் பெயரைச் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெயரே சொல்லாமல் ஒரு எண்ணைக் கேட்டு இழிவுபடுத்துபவரை எந்தக் காவல் நிலையத்தில் போய் நிறுத்துவது?

சமூகத்தின் நம்பிக்கைதான் சாடைக்கு நஞ்சு தருகிறது என்பதற்கு ஒரு லண்டன் வழக்கு நல்ல சான்று. லிபராச்சே என்ற அமெரிக்கப் பியானோ கலைஞரைப் பற்றி 1956-இல் ‘டெய்லி மிரர்’ பத்திரிகையில் வில்லியம் கானர் ஒரு பத்தி எழுதினார். எங்கும் ஒரு குற்றச்சாட்டு இல்லை. பழத்தையும் வாசனையையும் பளபளப்பையும் குறிக்கும் அடைமொழிகளை அடுக்கியே அந்தக் கலைஞர் தன்பால் விருப்பம் கொண்டவர் என்ற எண்ணத்தை வாசகருக்குள் ஏற்றியிருந்தார். ஆண்களுக்கிடையிலான உறவு அன்று பிரிட்டனில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1967-இல்தான் சட்டம் மாறத் தொடங்கியது. லிபராச்சே வழக்குத் தொடுத்தார். 1959-இல் சாட்சிக் கூண்டில் நின்ற பத்திரிகையாளர், தாம் அந்தப் பொருளில் எழுதவே இல்லை என்றார். ஜூரிகள் ஏற்கவில்லை. 8,000 பவுண்டு இழப்பீடு தரச் சொன்னார்கள். எழுதியவர் தம் சொற்களுக்குப் பொறுப்பேற்கவில்லை. அதே நேரத்தில், யாரையும் குறை சொல்ல இடமில்லாத ஓர் இயல்பு, நாட்டின் சட்டம் குற்றம் என்று சொன்ன ஒரே காரணத்தால் ஒரு கலைஞரின் வாழ்க்கையை அழிக்கும் ஆயுதமாக முடிந்தது. இன்று அதே பத்தியை எழுதினால் அங்கே பலர் தோளைக் குலுக்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்கள்.

இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதே நாட்டில் நடந்த இன்னொன்றை நம்மூர் ஊடகங்களும் வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களும் பாடமாகவே படிக்க வேண்டும். 2012 நவம்பர் 2-ஆம் தேதி பிபிசியின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சி, வேல்ஸ் பகுதியில் சிறுவர் இல்லம் ஒன்றில் நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றிப் பேசியது. தாட்சர் காலத்து முக்கியமான கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் ஒருவருக்கு இதில் தொடர்பு என்று சொன்னது. பெயரைச் சொல்லவில்லை. பெயர் சொல்லாததால் தங்களுக்குச் சிக்கல் வராது என்று நினைத்திருக்க வேண்டும். உண்மையில் அந்த இடைவெளிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஆயிரக்கணக்கானோர் அந்த வெற்றிடத்தை நிரப்பக் கிளம்பினார்கள். ட்விட்டரில் ஒரு பெயர் சுற்றத் தொடங்கியது: லார்டு மெக்கால்பைன், தாட்சர் காலத்தில் கட்சியின் பொருளாளராக இருந்தவர். நவம்பர் 4-ஆம் தேதி, நாடாளுமன்ற சபாநாயகரின் மனைவி சாலி பெர்கோ ஒரு பதிவு போட்டார். மெக்கால்பைன் பெயர் ஏன் டிரெண்டிங்கில் இருக்கிறது என்று ஒரு கேள்வி. பக்கத்தில், ஒன்றும் அறியாத முகம் என்ற பொருள்பட நட்சத்திரக் குறிகளுக்குள் இரண்டு சொற்கள். அவ்வளவே.

மெக்கால்பைன் அந்தக் கொடுமைகளில் எந்தத் தொடர்பும் இல்லாதவர். ஆள் மாறிப்போயிருந்தது. குற்றம் சாட்டியவரே சில நாள்களில், தான் சொன்ன மனிதர் இவர் இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகாத பிபிசி தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசில் பதவி விலகினார். பிபிசி 185,000 பவுண்டும், இன்னொரு நிகழ்ச்சிக்காக ஐடிவி 125,000 பவுண்டும் இழப்பீடாகத் தந்தன. பெர்கோ மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் கேள்விதானே கேட்டேன், தெரிந்துகொள்ளத்தானே கேட்டேன் என்பது அவருடைய வாதம். 2013 மே மாதம் உயர் நீதிமன்ற நீதிபதி டுகென்தாட் அதை மறுத்துத் தீர்ப்பளித்தார். உண்மையிலேயே விடை தேடிக் கேட்பவர் ஒன்றும் அறியாத முகத்தை வரைந்து காட்ட வேண்டியதில்லை. அந்த இரண்டு சொற்களை வாசகர்கள் வஞ்சகமான பாவனை என்றே புரிந்துகொண்டிருப்பார்கள். பிபிசி பெயர் சொல்லாமல் விட்ட இடத்தில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மெக்கால்பைன் 2014 ஜனவரியில் காலமானார். எழுபது வயது மனிதரின் கடைசிக் காலம் ஒரு கேள்விக்குறியால் எரிந்துபோனது.

கேள்விக்குறி எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடன் பணியாற்றியவர்களும் 1981-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஆளைப் பற்றிய தலைப்புச் செய்தியைப் பல வடிவங்களில் வாசகர்களிடம் காட்டினார்கள். ஒன்று, இன்னார் மோசடியில் ஈடுபட்டார் என்ற நேர்க் குற்றச்சாட்டு. இன்னொன்று, இன்னார் மோசடியில் ஈடுபட்டாரா என்ற கேள்வி. மற்றொன்று, ஈடுபடவில்லை என்ற மறுப்பு. கேள்வியைப் படித்தவர்கள் அந்த ஆளைப் பற்றிக் கொண்ட கெட்ட எண்ணம், நேர்க் குற்றச்சாட்டைப் படித்தவர்களின் எண்ணத்துக்கு வெகு அருகில் வந்துவிட்டது. மறுப்பைப் படித்தவர்களுக்கும் அந்த ஆளைப் பற்றிச் சற்றே கறுத்த எண்ணம்தான் மிஞ்சியது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்னால் ஊர் குதிரைத்தானே பார்க்கும்.

இதை வைத்துக்கொண்டு நம்முடைய மாலை நேரத் தொலைக்காட்சி விவாதத் தலைப்புகளைப் பாருங்கள். “பின்னணி என்ன?”, “யாரைக் காப்பாற்ற?”, “திடீர்ச் சந்திப்பு ஏன்?” யூடியூப் காணொளிகளின் முகப்புப் படத்தில் ஒரு நடிகையின் முகம், பக்கத்தில் அரசியல்வாதி ஒருவரின் நிழலுருவம், நடுவில் சிவப்புக் கேள்விக்குறி. உள்ளே போய்ப் பார்த்தால் இருவரும் ஒரே விமானத்தில் வந்தார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. சினிமாப் பத்திரிகைகளின் கிசுகிசுப் பக்கம் கற்றுக்கொடுத்த வழி இது. “அந்த மூன்றெழுத்து நடிகை”, “ஒல்லி நடிகர்”, “பெரிய இடத்து வாரிசு” என்று பெயரைத் தவிர எல்லாவற்றையும் எழுதிவிட்டு, யாரையும் குறிப்பிடவில்லை என்று நிற்பார்கள். அன்று அதைச் சினிமாவோடு நிறுத்தி வைத்திருந்தோம். இன்று அரசியல் செய்தியே அந்த நடையில் வருகிறது: “என்று கூறப்படுகிறது”, “வட்டாரங்கள் கிசுகிசுக்கின்றன”. கூறியவர் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. “நெருப்பில்லாமல் புகையுமா?” என்ற பழமொழியை நாமே முன்வந்து சொல்லிக்கொள்கிறோம். புகையைப் போட்டவன் கையிலேயே நெருப்பு இருக்கலாம் என்பதை அந்தப் பழமொழி மறைத்துவிடுகிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும், அது நியாயமானதும்கூட. வெளிப்படையாகப் பேச முடியாத காலத்தில் சாடைதானே எளியவரின் மொழி? உண்மை. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, உன் வேல்கள் நெய் பூசி, மாலை சூடிப் புத்தம் புதிதாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று சொன்னதாகப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இருக்கிறது. நீ போரே காணாதவன் என்று ஓர் அரசன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உயிரோடு திரும்பிய பேச்சு அது. வெள்ளையர் ஆட்சியில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக வந்த விஸ்வநாத தாஸ், மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய வெள்ளைக் கொக்குப் பாட்டைப் பாடியபோது, கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது எந்தக் கொக்கு என்று தெரியும். காவலுக்கு நின்ற போலீஸுக்கும் தெரியும். பல முறை சிறைக்குப் போனார் அந்தக் கலைஞர். நெருக்கடி நிலை அறிவித்து மூன்றாம் நாள், 1975 ஜூன் 28-இல், ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வின் பம்பாய்ப் பதிப்பில் காலமானார் விளம்பரம் ஒன்று வந்தது. உண்மை என்ற பெண்ணின் கணவரும் சுதந்திரத்தின் தந்தையுமான ஜனநாயகம் என்பவர் ஜூன் 26-இல் இறந்துவிட்டதாக, ஆட்களின் பெயர்போல எழுத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். தணிக்கை கண் விழிக்கும் முன் பத்திரிகை வீடுகளுக்குப் போய்விட்டது.

இவற்றைத் திண்ணைப் பெரியவரின் பேச்சோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. ஔவை தொண்டைமானின் முன்னால் நின்று சொன்னார். விஸ்வநாத தாஸ் கைவிலங்குக்குத் தயாராக மேடையேறினார். அவர்களுடைய சொல்லுக்கு இலக்கானவர்களிடம் படையும் சிறையும் இருந்தன, பதில் சொல்ல ஆயிரம் வாய்கள் இருந்தன. வேலைக்குப் போகும் பெண்ணின் மேல் சாடை எறிபவருக்கு என்ன ஆபத்து? அவர் தன்னை மறைத்துக்கொள்வது எந்தச் சிறைக்கு அஞ்சி? அந்தப் பெண் அங்கே இருக்கவே மாட்டாள். இருந்தாலும் பதில் சொல்ல வழி இருக்காது. அதிகாரத்தில் இருப்பவர் சாடை பேசுவது இன்னும் மோசம். மேடையில் ஒரு தலைவர், “சில பேர் இருக்கிறார்கள், யார் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்” என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. அடுத்த நாள் அந்தச் ‘சில பேர்’ வாழும் தெருவில் கல் விழுந்தால், தலைவரின் பேச்சில் எந்தப் பெயரும் இல்லை.

சட்டம் இதை அறியாதது இல்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அவதூறைப் பற்றிய 499-ஆம் பிரிவின் மூன்றாவது விளக்கம், இதுவா அதுவா என்ற வடிவிலோ வஞ்சப் புகழ்ச்சியாகவோ சொல்லப்பட்ட பழியும் அவதூறாகலாம் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. ஆனால், இந்தச் சட்டத்தை நம் நாட்டில் பெரும்பாலும் கையில் எடுப்பவர்கள் ஆட்சியாளர்களும் பெரு நிறுவனங்களும்தான். கார்ட்டூன் போட்டவர்மேல், ஊழலைப் பற்றி எழுதியவர்மேல் வழக்கு பாய்கிறது. ஊரில் கல்யாணம் தட்டிப்போன பெண் எந்த நீதிமன்றத்துக்கும் போகப் போவதில்லை. திரைப்படத் தணிக்கைக்கான 1991-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், கீழான உணர்ச்சிகளுக்குத் தீனி போடும் இரட்டை அர்த்தச் சொற்களை அனுமதிக்கக் கூடாது என்று தனியாகவே ஒரு விதி இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எத்தனை நகைச்சுவைக் காட்சிகளைக் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது ரிமோட்டைத் தேடியிருக்கிறோம் என்பதை வைத்து அந்த விதியின் வலிமையை அளந்துகொள்ளலாம்.

எனவே, சட்டத்தைவிட நான் நம்புவது அந்த இடத்திலேயே கேட்கப்படும் ஒரு கேள்வியைத்தான். “பெரியவருக்கு அவங்க மேல தனி மரியாதை” என்று ஒருவர் சொன்னதும், சிரிக்காமல், “புரியல, என்ன சொல்ல வர்றீங்க? விளக்கமாச் சொல்லுங்க” என்று ஒருவர் கேட்டால் பேச்சு அங்கேயே தடுமாறும். சொன்னவர் ஒன்று தன் பழியை முழு வாக்கியமாகச் சொல்லி அதற்குப் பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் விழுங்க வேண்டும். விசாரிக்க வந்த மாப்பிள்ளை வீட்டாரும், “ஐயா, பொண்ணு கிட்ட ஏதும் குறை இருந்தா வாய்விட்டுச் சொல்லுங்க, அவங்க அப்பாவையும் கூப்பிட்டு வச்சே கேட்டுக்குறோம்” என்று சொல்லலாம். பத்திரிகை ஆசிரியர்கள், பதில் தெரியாத கேள்வியைத் தலைப்பாக வைப்பதில்லை என்று ஒரு முடிவு எடுக்கலாம். பதில் தெரிந்தால் அதையே தலைப்பாகப் போடலாம். தெரியாவிட்டால் செய்தி இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

உடனே செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் சாயம் பூசிய பேச்சையும் துன்புறுத்தலாகவே கணக்கில் எடுக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். ஆனால், சாடைப் பேச்சைப் பற்றி ஒரு பெண் புகார் கொடுத்தால், “அவர் உன் பெயரைச் சொன்னாரா? நேரடியாக ஏதாவது சொன்னாரா?” என்ற கேள்வியிலேயே பெரும்பாலும் விசாரணை படுத்துவிடுகிறது. நிகழ்வு நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்கிறது சட்டம். தொடர்ச்சியாக நடந்தால் கடைசி நிகழ்விலிருந்து கணக்கு. சாடை எப்போதும் தொடர்ச்சியாக நடப்பதுதான். எனவே, ஒவ்வொரு முறையும் யார் சொன்னார், என்ன சொன்னார், எந்தச் சூழலில் சொன்னார், அப்போது யார் யார் இருந்தார்கள் என்று தேதியோடு எழுதிவைக்கும்படி பெண்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தர வேண்டும். எவரையும் அழைத்து, சத்தியப் பிரமாணத்தின்பேரில் விசாரிக்க அந்தக் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைச் சட்டம் தந்திருக்கிறது. சொன்னவர் ‘நான் ஒன்றும் சொல்லவில்லை’ என்றுதான் சொல்வார். குழு அழைக்க வேண்டியது தேநீர்க் கடையில் உடன் நின்ற அந்த நாலு பேரை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, அந்தச் சொல்லை நீங்கள் என்னவென்று புரிந்துகொண்டீர்கள், எதற்காகச் சிரித்தீர்கள் என்று கேட்டு, பதிலை எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும்.